வாக்குரிமை வரலாறும் விக்கிப்பீடியாவும்: மாணவர்களுக்கு எந்தப் பணியைக் கொடுப்பது?

பெண்கள் வாக்குரிமை வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பருவ இறுதியில் வாங்கி அடுக்கியபின் எவரும் புரட்டிப் பாராத ஒப்படைப்புகளுக்கு மாற்றாக மாணவர்களை விக்கிப்பீடியாவில் எழுதவைக்கலாம் என்று முடிவு செய்வது எளிது. எந்தப் பொருளில், எந்த மொழியில், எவ்வகைப் பணியாக அதை அமைப்பது என்பதுதான் கடினம். புதிய கட்டுரையைத் தொடங்கலாம். இருக்கும் கட்டுரையைச் செப்பனிடலாம். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே எழுதலாம். கட்டுரைகளை விட்டுவிட்டு மூல ஆவணங்களை, விக்கிப்பீடியாவின் உடன்திட்டங்களான விக்கிமூலத்திலும் (மூல நூல்களின் தொகுப்பு) விக்கிமீடியா பொதுவகத்திலும் (படங்கள், கோப்புகளின் தொகுப்பு) ஏற்றலாம். ஐந்தும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் மாணவர் கற்றுக்கொள்வது ஒவ்வொன்றிலும் வேறு. சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதுபற்றித் தமிழில் ஏற்கெனவே உள்ள கட்டுரைகளைச் சான்றுடன் திருத்துவதே பெரும்பாலான தமிழ்நாட்டு வகுப்புகளுக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் கீழே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

பொருளைத் தேர்வதிலிருந்து தொடங்குவோம். பெண்கள் வாக்குரிமை என்றதும் அமெரிக்க வரலாறுதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். 1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி மாநிலம் ஒப்புதல் அளித்ததால் நிறைவேறிய 19ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய ஆவணங்கள் அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இணையவழி ஏராளமாகக் கிடைக்கின்றன. அதன் நூற்றாண்டையொட்டி, விக்கி எஜுகேஷன் என்னும் அமைப்பு அந்த ஆவணக் காப்பகத்துடன் சேர்ந்து, வாக்குரிமைக் கட்டுரைகளை மேம்படுத்துவதற்கென்றே பயிற்சி வகுப்புகளை நடத்தியது. ஆங்கிலத்தில் அப்பொருளின் முதன்மைக் கட்டுரைகள் இன்று பலர் கைபட்டுத் தேறியவை. நம் மாணவர் அவற்றில் சேர்ப்பதற்கு மிச்சம் அதிகமில்லை. தமிழில் எழுத முனைந்தாலோ, அது ஆங்கிலக் கட்டுரையின் நிழலாகத்தான் முடியும், ஏனெனில் அதற்கு அப்பால் சென்று பார்க்க வேண்டிய நூல்கள் நம் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் இல்லை.

இலங்கையின் கதை வேறு. இலங்கையின் அரசியலமைப்பைச் சீர்திருத்த பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அடுத்து 1931இல் அங்கு 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. 1927இல் தொடங்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தகுதி வரம்புக்கு உட்பட்ட உரிமையைத்தான் கேட்டது. ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது வரம்பைப் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வந்ததோ இரண்டையும் தாண்டியது. பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் இதை எதிர்த்ததும், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பால் வடக்கில் 1931 தேர்தல் புறக்கணிக்கப்பட்டதும், அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஒரே வரலாற்றின் பகுதிகள். நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து இதழ்களும் நூல்களும் திரண்டிருப்பதால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள வகுப்புக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டு வகுப்புக்குச் சென்னை மாகாணமே அணுக்கமானது.

அந்த வரலாற்றின் எலும்புக்கூடு இது. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்படுகிறது. மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் அதன் தொடக்கத்தில் முன்நின்றவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு வழங்கப்படும் அதே அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. சவுத்பரோ தலைமையிலான வாக்குரிமைக் குழு அதை ஏற்கவில்லை. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மாகாணச் சட்டசபைகளிடமே விட்டது. சென்னைச் சட்டசபை 1921 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பம்பாய் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. வங்காளச் சட்டசபை 1921இல் மறுத்து, 1925இல்தான் இணங்கியது. பெண்கள் வாக்களிக்கலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தது அந்தத் தடை நீங்கிய பிறகுதான்.

இந்தப் பொருளில் மாணவர்களுக்குக் கொடுக்கத்தக்க ஐந்து பணிகளில், செப்பனிடுதல் என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். "1921இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது" என்ற வகையான ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு, அதற்குச் சான்று தேடும்படி ஒரு மாணவரிடம் சொல்லிப் பார்த்தால் அதன் அளவு தெரியும். ஏப்ரலில் வந்தது தீர்மானம், மே மாதத்தில் வந்தது அரசாணை. கட்டுரை எந்த நாளைக் குறிப்பது? வழங்கியவர் யார்: லண்டன் பாராளுமன்றமா, மாகாண அரசா, சட்டசபையா? எந்தப் பெண்களுக்கு? அன்று ஆண்களுக்கே சொத்தும் வரியும் சார்ந்த தகுதிகள் இருந்தன. அதே தகுதிகள் பெண்களுக்கும் பொருந்தியதால், சொத்து தம் பெயரில் இருந்த மிகச் சிறு பகுதியினர் மட்டுமே பட்டியலில் ஏற முடிந்தது. தாய்வழிச் சொத்துரிமை நிலவிய மலபாரும் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொண்டால், வாக்காளரான பெண்கள் எந்த வட்டாரங்களில் இருந்தார்கள் என்ற கேள்வியும் எழும். இன்னும் ஒன்று: "இந்தியாவில் முதன்முதலாக" என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் முதல். சுதேச சமஸ்தானங்களைச் சேர்த்துக்கொண்டால் திருவிதாங்கூர் அதற்கு முந்தியது. ஒரு வரிக்குள் இத்தனை முடிச்சுகள் இருப்பதைக் கண்டுகொண்ட மாணவர், அந்த வரியை மூன்று வரிகளாக்கி மூன்று சான்றுகளுடன் எழுதும்போது செய்வது முழுமையான வரலாற்றுப் பணியே.

இதே பணியில் நடுநிலை நோக்கு என்னும் விக்கிப்பீடியா விதியும் உயிர்பெறுகிறது. தமிழில் இந்த வரலாறு பெரும்பாலும் இரண்டில் ஒரு வடிவத்தில் சொல்லப்படுகிறது. ஒன்றில், 1920 தேர்தலுக்குப் பின் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சி தன் சமூக நீதிக் கொள்கையால் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. மற்றொன்றில், அடையாற்றைச் சேர்ந்த பெண்களும் பெசன்ட் தலைமையிலான தன்னாட்சி இயக்கத்தாரும் போராடிப் பெற்றார்கள். நீதிக்கட்சியும் பெசன்ட் அம்மையாரும் அன்று அரசியலில் எதிரெதிர் முகாம்கள் என்பதால் இரு வடிவங்களும் ஒன்றையொன்று மறைக்கின்றன. அடையாற்றில் எழுந்த கோரிக்கையை நீதிக்கட்சி பெரும்பான்மை வகித்த அவை நிறைவேற்றியது என்பதே நடந்தது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் ஆராயத்தக்க கேள்வி. ஒரு கட்சியைப் புகழும் கட்டுரைக்கு மறு கட்சியின் புகழுரையை ஒட்டுப்போடுவதால் நடுநிலை வந்துவிடாது என்பதை மாணவர் இங்கே கையால் செய்து கற்றுக்கொள்வார். கட்டுரையோடு இணைந்த விவாதப் பக்கமான பேச்சுப் பக்கத்தில் தம் மாற்றத்துக்கான காரணத்தை முன்கூட்டியே எழுதும்படி ஆசிரியர் வலியுறுத்தினால், மறுப்போரும் அங்கேயே வந்து பேசுவார்கள். வகுப்பறைக் கருத்தரங்குகளில் அவ்வளவு கூர்மையான கேள்விகள் வருவது அரிது.

வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் இப்பணி இன்னும் எளிதாகத் தொடங்கும். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டவர். வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். துணைத் தலைவர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது அவை. இவ்விரண்டையும் குழப்பி, அவர் தேர்தலில் வென்று வந்தவர் என்று எழுதப்படுவது உண்டு. 1926இல் மங்களூர்ப் பகுதியில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயா சிறிய வித்தியாசத்தில் தோற்றார். எத்தனை வாக்குகள் என்பதில் நூலுக்கு நூல் எண் மாறும். அத்தகைய இடத்தில் மாணவர் தமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுக்காமல், எந்த நூல் எதைச் சொல்கிறது என்று குறிப்பிடப் பழகுவது எந்த ஆய்வு முறையியல் பாடத்துக்கும் குறைந்ததன்று.

புதிய கட்டுரை தொடங்குவதைப் பலரும் விரும்புவதற்குக் காரணம் உண்டு: அதை முழுமையாகத் தம் ஆக்கம் என்று மாணவர் காட்டலாம், துறை ஆண்டறிக்கையிலும் எண்ணிக்கையாகச் சேர்க்கலாம். ஆனால் வாக்குரிமை வரலாற்றில் பெயர் தெரியாத பெண்களைப் பற்றி எழுத முனையும்போது குறிப்பிடத்தக்கமை என்னும் விதி குறுக்கே வரும். தொடர்பற்ற நம்பகமான வெளியீடுகள் ஒருவரைப் பற்றி ஓரளவு விரிவாகப் பேசியிருந்தால்தான் அவருக்குத் தனிக்கட்டுரை நிற்கும். பழைய பெண்கள் வரலாற்றில் இடைஞ்சலே அதுதான்: குழுவில் சென்றவர், மனுவில் கையெழுத்திட்டவர், கூட்டத்தில் பேசியவர் எனப் பெயர்கள் கிடைக்கும், அவர்களைப் பற்றிய நூல்கள் கிடைக்கமாட்டா. கிடைத்த இரண்டு வரிகளை ஐந்து பத்திகளாக நீட்டும்போது புகழுரையும் ஊகமும் நுழைகின்றன. அப்பெயர்களைச் சங்கத்தைப் பற்றிய கட்டுரையில் உரிய இடத்தில் சான்றுடன் சேர்ப்பது நிலைக்கும், தனிக்கட்டுரை நீக்கப்படலாம். மாணவர் ஒருவர் ஒரு பருவம் முழுதும் உழைத்தது நீக்கல் வேண்டுகோளில் முடிவது அவருக்கும் நல்லதன்று, கலைக்களஞ்சியத்துக்கும் நல்லதன்று. இருக்கும் கட்டுரையில் ஒரு பகுதி மிக நீண்டு, தனியே பிரிக்கும் அளவுக்குச் சான்றுகள் சேர்ந்துவிட்டால் அப்போது புதிய கட்டுரை இயல்பாகவே பிறக்கும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விக்கிப்பீடியாவின் உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஓர் ஆங்கிலக் கட்டுரையைச் சில மணி நேரத்தில் தமிழுக்குக் கொண்டுவந்துவிடலாம். அடிக்குறிப்புகள்கூடத் தாமாக வந்து சேரும். அந்த அடிக்குறிப்புகளில் உள்ள நூல் ஒன்றையேனும் மாணவர் திறந்து பார்த்திருக்க வேண்டிய தேவை இருக்காது என்பதுதான் குறை. ஆங்கிலக் கட்டுரையில் ஒரு தவறு இருந்தால், அது இப்போது இரு மொழிகளில் இருக்கும், இரண்டாவது மொழியில் புதிய சான்றின் தோற்றத்தோடு. 2009ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைச் சேர்த்தபோது, அவற்றின் நடையைச் சீர்செய்யும் சுமை தன்னார்வலர் தலையில்தான் விழுந்தது. மொழிபெயர்ப்புத் துறை மாணவர்களுக்கு இது பொருத்தமான பயிற்சியாக இருக்கலாம். வரலாற்று மாணவர்களுக்கு இதைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன், ஒவ்வோர் அடிக்குறிப்பையும் சரிபார்த்த பிறகே அதைத் தக்கவைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலொழிய. அந்த நிபந்தனையோடு செய்தால் அது மொழிபெயர்ப்பாக அன்றி மேலே சொன்ன செப்பனிடுதலாகவே மாறிவிடும்.

ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. சென்னைப் பெண்கள் வாக்குரிமை பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான். உலகெங்கும் வாசகர் இருப்பதால் ஒரு சிறு திருத்தமும் பலரைச் சென்றடையும். தவறு நேர்ந்தால் விரைவில் எவரேனும் சுட்டிக்காட்டுவர். ஆனால் அந்த விரைவே புதியவருக்கு இடையூறாகிறது. கணக்கு தொடங்கி நான்கு நாள் கழிந்து பத்துத் திருத்தங்கள் செய்த பிறகே நேரடியாகப் புதிய பக்கம் தொடங்க முடியும். விளக்கமின்றிச் செய்த மாற்றம் நிமிடங்களில் மீளமைக்கப்படலாம். அதற்கான காரணமாக எழுதப்படும் சுருக்கக் குறியீடுகள் பழகாதவருக்குப் புரியமாட்டா. இவற்றைவிட முக்கியமானது நகலெடுக்கும் பழக்கம். ஆங்கில நூலைப் படித்து ஆங்கிலத்திலேயே எழுதும் மாணவர், அதிலும் ஆங்கிலத்தில் தம் சொல்லில் எழுதத் தயங்குபவர், வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்.

2011இல் பூனாவிலுள்ள கல்லூரிகளில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை முன்னெடுத்த இந்தியக் கல்வித் திட்டம் தடுமாறியதற்கு இதுவே முதன்மைக் காரணம். பெரிய வகுப்புகள், அனுபவமில்லாத வழிகாட்டிகள், பாடநூலிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட பத்திகள் ஆகியவை சேர்ந்ததால், காப்புரிமை மீறல்களைத் தேடி நீக்குவது ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்களுக்குப் பெருஞ்சுமையாகி, முன்னோடித் திட்டமே இடையில் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதும் மாணவருக்கு இந்த ஆபத்து ஓரளவு குறைவு. கருத்தை உள்வாங்காமல் தமிழில் எழுத முடியாது. முடியாது என்று முன்பு உறுதியாகச் சொல்லியிருப்பேன். இயந்திர மொழிபெயர்ப்பும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்த பிறகு, பெரும்பாலும் முடியாது என்று மட்டும் சொல்கிறேன். அச்செயலிகள், உண்மையில் இல்லாத நூல்களுக்கும் பக்க எண் கொடுக்கும் இயல்புடையவை. ஆகவே சான்றாகக் காட்டும் ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரே விதி, எந்த எச்சரிக்கை உரையையும்விடப் பயன் தரும். முதுகலை மாணவர்கள் சிறு குழுவாக இருந்து, ஆங்கில நடையில் தேர்ச்சியும் பெற்றிருந்தால், ஆங்கில விக்கிப்பீடியா அவர்களுக்குத் தக்க களம்.

இறுதி வகை, மூல ஆவணங்களை ஏற்றும் பணி. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ போய்வந்த மாணவர், தாம் கண்ட பழைய தாளை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதத்தான் ஆசைப்படுவார். விக்கிப்பீடியாவோ சொந்த ஆய்வை ஏற்பதில்லை. 1921 தீர்மானத்தின் நாளையும் வாசகத்தையும் சட்டசபைக் குறிப்பிலிருந்து எடுத்துக்காட்டலாம். அத்தீர்மானத்தின் உள்நோக்கத்தை அக்குறிப்பைப் படித்துத் தாமே விளக்கக் கூடாது, அதை விளக்கிய வரலாற்றாசிரியரைத்தான் காட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை வரலாற்று ஆசிரியர்கள் சிலர் இழிவாகக் கருதுகிறார்கள். முதன்மைச் சான்றுக்கும் துணைமைச் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. காப்பகத்தில் கண்டதற்குரிய இடம் விக்கிமூலமும் பொதுவகமுமே. இந்தியாவில் அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே காப்புரிமை என்பதால் 1921ஆம் ஆண்டின் சட்டசபைக் குறிப்புகளைத் தடையின்றி ஏற்றலாம். தனியார் நூல்களுக்கு ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆக வேண்டும்: 1954இல் மறைந்த மார்கரெட் கசின்ஸின் எழுத்துகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன, 1968இல் மறைந்த முத்துலட்சுமி ரெட்டி தம் சட்டசபை அனுபவங்களைப் பற்றி 1930இல் வெளியிட்ட நூல், பொது விதிப்படி 2028 இறுதிவரை காப்புரிமைக்கு உட்பட்டது. பொதுவகத்தில் ஏற்றுவதற்கு அமெரிக்கச் சட்டப்படியும் தடை நீங்கியிருக்க வேண்டும். காப்பகத்தின் அனுமதியும் தனியே தேவைப்படலாம். மாணவர் அனைவருக்கும் இப்பணியைக் கொடுக்க முடியாது. ஆனால் வகுப்பில் ஓரிருவரிடம் இதை ஒப்படைத்தால், மற்றவர்கள் திருத்தும் கட்டுரைகளிலிருந்து அவ்வாவணங்களுக்கு இணைப்புத் தரலாம்.

செயல்படுத்துவதில் சில சிறு செய்திகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நன்று. ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரியிலிருந்து) ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. எனவே கல்லூரிக் கணினிக்கூடத்தில் முழு வகுப்பையும் அமரவைத்துக் கணக்கு தொடங்க முனைந்தால் ஏழாவது மாணவரோடு வேலை நின்றுவிடும். வீட்டிலிருந்தோ கைப்பேசி இணைப்பிலோ முன்னதாகவே தொடங்கிவிடச் சொல்லலாம். உண்மைப் பெயரைப் பயனர் பெயராக வைக்கத் தேவையில்லை என்பதை, மாணவியருக்குக் குறிப்பாக, முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் வரைவை மணல்தொட்டியில் (பயனர் எழுதிப் பார்க்கும் சோதனைப் பக்கம்) எழுதி, ஆசிரியரும் சக மாணவர் ஒருவரும் பார்த்த பிறகு கட்டுரைக்கு மாற்றுவது, தன்னார்வலர் நேரத்தைக் காக்கும். மதிப்பெண்ணைச் சேர்த்த எழுத்துகளின் அளவுக்கோ, திருத்தம் நிலைத்ததா என்பதற்கோ கொடுக்கக் கூடாது. முன்னது வெற்றுச் சொற்பெருக்கத்துக்கும் பின்னது ஒருவர் மாற்றத்தை மற்றவர் மாறிமாறி அழிக்கும் தொகுத்தல் போருக்கும் வழிவகுக்கும். பக்க வரலாற்றில் ஒவ்வொருவர் செய்த மாற்றமும் தனித்தனியே பதிவாகியிருப்பதால், சான்றின் தரத்துக்கும் பேச்சுப் பக்கத்தில் அளித்த விளக்கத்துக்கும் மதிப்பிடுவது எளிது.

இளங்கலை வகுப்பு, ஒரு பருவம், ஓரளவு நூலக வசதி என்றால்: மாணவருக்கு ஒரு பத்தி, இரண்டு சான்றுகள், தமிழ்க் கட்டுரை. இரண்டு பருவங்கள் தொடர முடிகிற துறை, முதலில் 1917 முதல் 1930 வரை முடித்துவிட்டு, அடுத்ததாகச் சொத்து, எழுத்தறிவு, கணவரின் தகுதி ஆகியவற்றின் அடிப்படையில் வாக்காளர் வட்டத்தை விரிவாக்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுக்கலாம். அதையடுத்து 1951–52 பொதுத்தேர்தலுக்கு வரலாம். அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்ட அந்தத் தேர்தலில், தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்துகொண்ட ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 1921ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்றுடன் எழுதிப் பழகிய வகுப்புக்கு, அந்த எண்ணின் மூலத்தைத் தேர்தல் ஆணைய அறிக்கைவரை தேடிச் செல்வது அடுத்த பணியாக அமையும்.